ஒன்றிலிருந்து நாலுக்கு

ஏப்ரல் 9, செவ்வாய்

பள்ளிச் சமையலறையில் இன்று நானூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி. பாதிப் பேர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மஞ்சளை வெளியே எடுத்தேன். குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த வண்டி. தபால் நிலைய வாசலில் குலுங்கிக் குலுங்கி நின்றே போனது.

மஞ்சள் என்றால் என் கணவர் ஆர்லனின் கார். இரண்டே இருக்கை, நீட்டிய மூக்கு, கையால் கியர் மாற்ற வேண்டிய அசுர ஜாதி. அவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. அறுபத்திரண்டு வயதில், தலையில் சமையலறை வலைத்தொப்பியோடு நான் அதில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பின்னால் நின்ற பால் லாரிக்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. பாவம் என்று விட்டுவிட்டார். ஹாரன் அடித்திருந்தாலே தேவலாம்.

எனக்கு கியர் வண்டி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பதினாலு வயதில் அப்பாவின் வைக்கோல் டிரக்கை ஓட்டினவள். அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு வருஷம் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிதான் என்பதை மட்டும் இங்கே அடிக்கோடிட வேண்டாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சர்ச் முடிந்து டுவெய்ன் வந்தான். ஆர்லனின் தம்பி. வாளியோடும் துணியோடும் வந்து மஞ்சளைக் கழுவுவது அவன் ஞாயிற்றுக்கிழமை வேலை. அண்ணன் இருந்தபோது இருவரும் சேர்ந்து கழுவுவார்கள். இப்போது தனியாக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் சுற்றி வருகிறான். பார்க்கவே சகிக்கவில்லை. அதனால் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். அதுதான் வினை.

"அண்ணி, அண்ணன் ஆஸ்பத்திரியில என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னான். 'நோரா அந்த வண்டிய ஓட்டலைன்னா நீ எடுத்துக்கோ'ன்னு. நான் கேக்கணும்னு கேக்கலை. ஆனா தபால் ஆபீஸ் வாசல்ல நீங்க நின்னத ஊரே பார்த்திருக்கு."

ஓட்டாவிட்டால் என்றுதானே சொன்னார், நான்தான் ஓட்டுகிறேனே என்றேன். அதுக்குப் பேரு ஓட்டுறதா என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜூன் பதினைந்தாம் தேதி கார் கிளப் மொத்தமும் வரிசையாக ஏரிக்கரைக்குப் போகிறதே, மார்பிள்ஹெட் வரைக்கும், நானும் வருகிறேன் என்றேன். போகும்போதும் வரும்போதும் வேறு ஒருத்தர்கூட ஸ்டியரிங்கில் உட்காராமல் நானே கொண்டுபோய்க் கொண்டுவந்தால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. முடியவில்லை என்றால் அன்றைக்கே சாவி அவனுக்கு.

அவன் சிரிக்கவில்லை. சரி என்று கை கொடுத்துவிட்டுப் போனான். மூன்று சட்டி நிறைய சூப் இருக்கும்போது நாலாவது பர்னரையும் ஏற்றி வைக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 15, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 27, சனி

இரண்டு வாரப் பயிற்சியின் பலன்: ஒன்றாவது கியரில் அருமையாகக் கிளம்புகிறேன். இரண்டாவதுக்குத் தட்டினால் கியர்க் கம்பி தானாக நழுவி நாலாவதில் போய் விழுகிறது. வண்டி இருமுகிறது, நடுங்குகிறது, சில நேரம் நின்றுவிடுகிறது. அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு சின்ன விளக்கு வேறு எரிகிறது. ஒன்று, ஓர் அம்பு, நாலு. என்னமோ நான் பரீட்சையில் தவறாக எழுதியதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி.

இதிலே ஒரு வேடிக்கை. இதே இருமல், இதே நடுக்கம் ஆர்லனுக்கும் நடக்கும். ஒன்பது வருஷம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிளப் ஊர்வலங்களுக்கு நான் போனதில்லை, நாள் முழுக்க யார் உட்காருவது? ஞாயிறு சர்ச், அப்புறம் ஐஸ்கிரீம் கடை, அவ்வளவுதான் என் சவாரி. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மூன்று தடவையாவது வண்டி நாலாவதில் விழும். நான் விடுவேனா? "நாப்பது வருஷமா வண்டி ஓட்டுறீங்க, ரெண்டாவது கியர் எங்க இருக்குன்னு இன்னும் தெரியலையா?" என்பேன். சர்ச் வாசலில் நாலு பேர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். மனுஷன் கோபித்ததே இல்லை. "ஆமா நோரா, எனக்கு வராது" என்பார். அவ்வளவுதான்.

இப்போது எனக்கும் வரவில்லை. கிண்டல் பண்ணத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

மே 4, சனி

மஞ்சளின் முன்பக்கக் கையுறைப் பெட்டியில் டிஷ்யூ தேடினேன். வண்டியோடு வந்த கையேடு கிடைத்தது. நிஜமாகவே உட்கார்ந்து படித்தேன், காப்பி ஆறிப்போகும்வரை. நான் முட்டாள் இல்லையாம். அதாவது, இந்த ஒரு விஷயத்தில்.

வண்டியே வேண்டுமென்று செய்கிறதாம்! எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பதினைந்து இருபது மைல் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்துக்கொண்டு முதல் கியரிலிருந்து மாற்றினால், இரண்டாவதுக்கு வழியை அடைத்து நேராக நாலாவதுக்குத் தள்ளிவிடும். எரிபொருள் மிச்சமாம். குதிரை மாதிரி ஓடுகிற வண்டியைச் செய்துவிட்டு, அதற்குள் ஒரு கஞ்சப் பிசினாரியையும் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆர்லனும் பெட்ரோல் விஷயத்தில் கை இறுக்கம்தான், அதனால்தான் மெதுவாக மிதித்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கையேட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். பிரிக்கவே இல்லை. உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு வயர்த் துண்டு, கூடவே ஒரு சீட்டு: கியர்ப் பெட்டியில் அந்த அடைப்பு வேலையைச் செய்கிற இணைப்பைக் கழற்றி நடுவில் இதைச் செருகினால் தொந்தரவு தீர்ந்ததாம். வாங்கிய ரசீதும் இருந்தது. ஒன்பது வருஷம் முந்தைய ஜூலை. வண்டி வாங்கிய முதல் கோடை.

வாங்கி வைத்துவிட்டு ஒன்பது வருஷம் மாட்டவே இல்லை. இது ஆர்லன் குணமே இல்லையே. சமையலறைக் குழாய் ஒரு சொட்டு ஒழுகினால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போகிறவர்.

மே 19, ஞாயிறு

டுவெய்ன் கழுவிவிட்டுப் போனான். இருக்கையில் இருந்த சோபாத் தலையணையைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டான். முதுகு வலி என்றேன். பொய். இருக்கை இன்னும் ஆர்லனின் கால் நீளத்துக்குத்தான் இருக்கிறது. முன்னால் இழுக்க மனசில்லை. தலையணையை முட்டுக்கொடுத்து நுனிக்காலால் பெடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூன் 14, வெள்ளி

கிளப் செயலாளர் லுஆன் போன் செய்தாள். சைலன்சர் பட்டறை வைத்திருக்கிறாள், இதே மாதிரி வண்டி அவளிடமும் உண்டு, கறுப்பு. பொட்டலத்தைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பட்டறைக்குக் கொண்டுவாங்க, பத்து நிமிஷ வேலை என்றாள். எனக்குத்தான் ரோஷம். நாளைக்கு ஊர்வலத்தில் என் வண்டி வெண்ணெயாகப் போகும்போது, அதை நானே சரிசெய்தேன் என்று டுவெய்னிடம் சொல்ல வேண்டாமா? வேண்டாம், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன்.

மாட்டிவிட்டேன்!

பள்ளியிலிருந்து வந்ததும் ஆர்லனின் இரண்டு சாய்பலகைகள் மேல் வண்டியை ஏற்றி, கம்பளம் விரித்து, அடியில் நுழைந்தேன். வீடியோவில் ஒருவன் இதுதான் இதுதான் என்று காட்டினான், அவன் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கியர்ப் பெட்டி ஓரத்தில் இரண்டு இணைப்புகள் இருந்தன. கை எட்டியதைக் கழற்றினேன். துண்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. நானா விடுகிறவள்? உறைந்த கோழிப் பெட்டிகளை முஷ்டியால் பிரித்த கை இது. ஓர் அழுத்து, உள்ளே போய்விட்டது.

எங்கள் வீட்டு முன்பாதை சரிவு. கியர் இல்லாமலே பின்னால் உருட்டித் தெருவுக்கு வந்தேன். மூன்று தெரு சுற்றினேன். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை! இரண்டாவது கியர், ஐயா, இரண்டாவது கியர்! ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தேன். முட்டியில் கிரீஸ், தலைமுடியில் கிரீஸ். கண்ணாடியில் பார்த்தேன், பரவாயில்லை, ஒரு மாதிரி அழகாகத்தான் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று சர்ச்சுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் சொல்லி முடிக்க மாட்டேன்.

காலை எட்டு மணி, பதினேழு வண்டிகள். லுஆன் முதலில், எனக்கு மூன்றாவது இடம், என் முதுகை முறைத்துக்கொண்டு பின்னாலேயே டுவெய்னின் பச்சை டிரக். முதல் பத்து மைல் நெடுஞ்சாலை, நான் ராணி. முதல் ஊர் வந்தது, சிக்னல் வந்தது. கிளம்பினேன், இரண்டாவதுக்குத் தட்டினேன். ஒன்று, அம்பு, நாலு. குலுங்கல். கண்ணாடியில் டுவெய்ன் நெற்றியில் கை வைப்பது தெரிந்தது.

எஞ்சின் சூடேறினால்தான் அந்த வேலை நடக்கும் என்று கையேட்டில் படித்தேனே, நானேதானே இதில் எழுதினேன்! ஜில்லென்று இருந்த வண்டியை மூன்று தெரு ஓட்டிவிட்டு வெற்றி விழா கொண்டாடியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஏழு ஊர், ஏழு சிக்னல், ஏழு குலுங்கல். இரண்டு தடவை நின்றேபோனது. ஆனால் நான்தான் கிளப்பினேன், வேறு யாரும் இல்லை.

இதோடு போயிருந்தால் பிழைத்திருப்பேன். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம், எல்லாரும் பின்பக்கமாகப் போய்த்தான் நிறுத்த வேண்டும், மூக்கெல்லாம் வெளியே பார்க்கிற மாதிரி ஒரே கோட்டில். லுஆன் கை காட்டினாள். ரிவர்ஸ் போட்டேன். விழவில்லை. மறுபடி. சுவரில் முட்டுகிற மாதிரி. பின்னால் பதினாலு வண்டி நடுப்பாதையில் நிற்கிறது, பொரித்த மீன் வாசனை வருகிறது, எல்லாரும் பசியோடு என்னைப் பார்க்கிறார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

டுவெய்ன் இறங்கி வந்தான். கதவைத் திறந்து, "தள்ளுங்க அண்ணி, நான் நிறுத்துறேன்" என்று சாவிக்குக் கை நீட்டினான். குரலில் நக்கல் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

இறங்க மாட்டேன்னுட்டேன். முடியாது, இது என் இடம், நான் எழுந்திரிக்க மாட்டேன். அவ்வளவு பேர் முன்னாடி ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு அழுதேன். அழுதேன்னு எழுதிட்டேன், சரி.

லுஆன் ஜன்னலில் குனிந்து பார்த்தாள். நியூட்ரல் போடுங்க என்றாள். பிறகு திரும்பி எல்லாரையும் கூப்பிட்டாள். இடுப்பு மாற்றியவர், முட்டி மாற்றியவர், இதயத்தில் கருவி வைத்தவர் என்று பத்துப் பதினைந்து பேர் வந்து மஞ்சளின் மூக்கில் கை வைத்துத் தள்ளினார்கள். டுவெய்னும்தான், முனகிக்கொண்டே, எல்லாரையும்விட அதிகமாக. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கோட்டில் கச்சிதமாக நின்றது. தள்ளியது கணக்கில் வருமா என்று டுவெய்ன் கேட்டதற்கு, ஸ்டியரிங்கில் வேறு யாரும் உட்காரவில்லை, பேச்சு அதுதானே என்று லுஆன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மீன் சாண்ட்விச் சாப்பிட்ட பிறகு அவள் வண்டியடியில் படுத்தாள். அந்தத் துண்டோடு வெளியே வந்தாள். நான் கழற்றியது தவறான இணைப்பாம். ஓடும்போது தெரியாமல் ரிவர்ஸ் விழுந்துவிடாமல் காக்கிற பூட்டு ஒன்று இருக்கிறதாம், அதன் வயரைக் கழற்றினால் பூட்டு பூட்டியபடியே கிடக்குமாம். "இத எப்படி இதுக்குள்ள நுழைச்சீங்க? நுழையவே நுழையாதே!" என்று உண்மையான மரியாதையோடு கேட்டாள். பழைய இணைப்பை மாட்டிவிட்டாள். துண்டைச் சரியான இடத்தில் செருகட்டுமா என்று கேட்டாள்.

செருகு, என்றேன். இது பெரிய தொல்லை, ஆர்லனுக்கே கடைசிவரைக்கும் வரவில்லை, ஒன்பது வருஷமும் நாலாவதில்தான் விழுந்துகொண்டிருந்தார் என்றேன்.

லுஆன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு, ஆர்லனுக்கா? எட்டு வருஷம் அவர் பின்னாலயே ஓட்டியிருக்கேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லையே. மெதுவா மிதிக்கிறவங்களத்தான் அது பிடிக்கும். அந்த மனுஷன் எந்தக் காலத்துல மெதுவா மிதிச்சாரு?"

மீன் முள் தொண்டையில் சிக்கின மாதிரி இருமினேன். துண்டை வாங்கிப் பொட்டலத்திலேயே போட்டு, கையுறைப் பெட்டியில் வைத்துவிட்டேன். வீடு வரைக்கும் நானேதான் ஓட்டி வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

பள்ளிக்கு விடுமுறை விட்டாகிவிட்டது. செய்ய வேலை இல்லை. யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த முதல் கோடை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஆறு வாரம். யாரோடும் பேசாமல் இருந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. வண்டியில் ஏறினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தையல் இழுக்கும். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே வருவேன். அவர் முட்டையைச் சுமக்கிற மாதிரி ஓட்டுவார். ஒரு நாள் பாங்க் பக்கத்துச் சிக்னலில் வண்டி கழுதை மாதிரி குலுங்கி நின்றது. நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்த வருஷம் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது கியர் எங்கே இருக்கிறதென்று தெரியாதா என்று முதல்முதலாகக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

துண்டை அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தாரா? இல்லை, வாங்கிய பிறகு அது நடந்து, சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாரா? யாரைக் கேட்பது?

தையல் ஆறி ஒன்பது வருஷமாகிறது. நான் மெதுவாக மெதுவாக என்று சொல்வதை நிறுத்தவே இல்லை. அவரும் மெதுவாக மிதிப்பதை நிறுத்தவே இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் மட்டும். மெதுவாக மிதித்தால்தான் விழும் என்று கையேட்டில் மே மாதமே படித்தேன். படித்துவிட்டு அவரைக் கஞ்சன் என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சர்ச் வாசலில், நாலு பேர் முன்னால். ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? உனக்காகத்தான்டின்னு ஒரு வார்த்தை?

ஜூன் 22, சனி

இருக்கையை முன்னால் இழுத்தேன். அடித்தண்டவாளத்தில் ஆறு பல் நகர்ந்தது. தலையணை சோபாவுக்குத் திரும்பிவிட்டது. முழுப் பாதமும் பெடலில் பட்டது, நன்றாக மிதித்தேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. விளக்கு எரியவே இல்லை, எஞ்சின் சூடாக இருந்தும்தான். தானியக் களஞ்சியத்தைத் தாண்டி நேர்ச்சாலையில் போனபோது கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன், நான் பள்ளிச் சிப்பந்தி.

துண்டு பொட்டலத்திலேயே இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

டுவெய்னுக்குக் குடலிறக்கமாம். எதைத் தூக்கினீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கார் என்று சொன்னானாம். பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை. கூட்டிவர ஆள் இல்லை. என்னைத் தவிர யார் வருவார்கள்? செய்த பாவத்துக்கு நான்தான் போக வேண்டும்.

என் பழைய சாம்பல் நிறக் காரைக் கொண்டுவருகிறேன், மெத்தென்று இருக்கும் என்றேன். அவன் கேட்கவில்லை. "மஞ்சள்லதான் வருவேன்" என்றான். பேச்சு மீறாத மனுஷன், சாவியைப் பற்றி ஏரிக்கரைக்குப் பிறகு ஒரு வார்த்தை எடுத்ததில்லை. ஓட்டத்தான் இல்லை, உட்காரவாவது வேண்டாமா? சரி என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

டுவெய்னை அந்தத் தாழ்ந்த இருக்கையில் இறக்குவதற்கு ஒரு நர்சும் நானும் ஒரு காவலாளியும் தேவைப்பட்டோம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல நன்றாக மிதித்தேன். அவன் கதவுக் கைப்பிடியை எட்டிப் பிடித்தான். மற்றக் கை வயிற்றில். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"அண்ணி, மெதுவா."

மெதுவாக மிதித்தேன். பாங்க் பக்கத்துச் சிக்னல் பச்சையானது. முட்டையைச் சுமக்கிற மாதிரி கிளம்பி, இரண்டாவதுக்குத் தட்டினேன். விளக்கு எரிந்தது. ஒன்று, அம்பு, நாலு. மஞ்சள் இருமியது, குலுங்கியது, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

டுவெய்ன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் போன நவம்பருக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பை நான் பார்த்ததில்லை. தையலைப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று முனகிக்கொண்டே சிரித்தான்.

"மூணு மாசமா ஓட்டுறீங்க. ரெண்டாவது கியர் எங்க இருக்குன்னு இன்னும் தெரியலையே அண்ணி!"

"ஆமா டுவெய்ன்," என்றேன். "எனக்கு வராது."